தூங்குமூஞ்சி ஆக்டோபஸ்

"அனைவரும் எழுந்து நிற்கவும்! நம் கம்பெனி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள் இது. 'நிலாக் கெண்டை' வீடியோ கேமைப் படைத்த 'தூங்குமூஞ்சி ஆக்டோபஸ்' யார் என்பதை நம் தலைவர் அறிய விரும்புகிறார்!"

நிர்வாக மேலாளர் அஸுமா முழங்கி முடிக்க, ஒசாகா அலுவலகமே எழுந்து நின்றது.

அந்த கேம் வெளிவந்தது முப்பது வருஷத்துக்கு முன்னால். அந்தக் காலத்தில் விளையாட்டின் முடிவில் யாருடைய நிஜப் பெயரும் வராது. போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவானே! எல்லாம் புனைபெயர்தான்.

ஹிவதாரிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆக்டோபஸ் யாரென்று அவருக்குத் தெரியும். அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த குராமோச்சி. சாலிடரிங் புகையில் இருமிக்கொண்டிருந்த எஞ்சினியர், இன்று பெரிய தயாரிப்பாளர். பத்திரிகை அட்டையில் அந்த முகம், வரவேற்பறையில் அந்த முகம். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் இதுவுமா?

"என்ன குராமோச்சி, முன்னாடி போகலையா?"

"எதுக்குப்பா? முப்பது வருஷம் ஆச்சு. யார் செஞ்சா என்ன?" குராமோச்சி தேநீரை ஊதினார்.

"அடக்கமாக்கும்! இந்த அடக்கத்துக்கும் ஒரு விருது வாங்கிடுவே நீ."

"அவ்வளவு ஆசையா இருந்தா நீயே போய் வாங்கிக்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியம்."

ஹிவதாரி டையை இறுக்கிக்கொண்டு முன்னே பாய்ந்தார்.

"நான்தான் அந்த ஆக்டோபஸ்! புரோகிராமை முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நானே எழுதினேன். வேற எவனும் கை வைக்கலை!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "ஐயா, இத்தனை நாள் சொல்லவே இல்லையே!" என்று இளவட்டங்கள் இடுப்பு வரை குனிந்தன. ஹிவதாரி ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் குராமோச்சி.

வயிற்றெரிச்சல் சட்டென்று அடங்கியது. அஸுமா அவரைத் தலைவரின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரு வரிகூட வேற யாரும் எழுதலையே?" என்றார் தலைவர்.

"இல்லவே இல்லைங்க. எல்லாம் அடியேன்தான்."

"நல்லது. நேத்து ஒரு ரசிகன் அந்த கேமை ஆடுறப்போ பொத்தானையெல்லாம் தாறுமாறா அழுத்தியிருக்கான். உள்ளே ஒளிச்சு வெச்சிருந்தது வெளியே வந்துடுச்சு. ஊரே படிக்குது. நீங்களும் படிங்க."

தலைவர் திரையைத் திருப்பினார். நிலவொளியில் கெண்டை ஒன்று துள்ளியது. அதன் கீழே எழுதியிருந்தது:

'எங்கள் தலைவர் ஒரு கஞ்சன். அவர் தலையில் இருப்பது விக்.'