மார்க் வரிசை

"உக்காருடா முனிவேலு. நம்ம பேரெல்லாம் வெளக்கு வெக்கிற நேரத்துலதான் வரும். அதுக்குள்ள இன்னொரு போண்டா தின்னலாம்."

காப்பிக் கிளப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு சொன்னான் திம்மராயன். அஞ்செட்டிக்காரன். காட்டுப் பாதையில் நடந்து, பஸ்ஸைப் பிடித்து, நேற்றே கிருஷ்ணகிரி வந்து சேர்ந்துவிட்டான். சாலைக்கு அந்தப் பக்கம், பயணியர் பங்களாவில், இண்டர்மீடியட் வகுப்புக்குக் காலேஜ்காரர்கள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள். மூன்று குரலுக்கு வராதவனுக்குச் சீட்டு கிடையாது. காலையிலேயே பியூன் கங்கப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் பங்களா வாசலைச் சரிகை அங்கவஸ்திர அப்பாக்களும், எண்ணெய் வழியத் தலை சீவிய பிள்ளைகளும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததுமே நம் வீரர்கள் இருவரும் பின்வாங்கி ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். அங்கேதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்தவுடன் சிநேகமாகி, சேர்ந்தே சாலையைத் தாண்டி வந்துவிட்டார்கள்.

"கணக்குல ஒண்ணு தப்பாப் போயிருச்சுடா. எங்க வாத்தியாரு மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னே தெரியல" என்றான் திம்மராயன்.

"உனக்குக் கணக்கு, எனக்கு இங்கிலீஷு. எங்க வேப்பனப்பள்ளியில வூட்ல தெலுங்கு, சந்தையில கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழு. உள்ள போயி வாயத் தொறந்தா மூணும் சேந்து வரும். இங்கிலீஷு மட்டும் வராது."

"சீட்டு கெடைக்காட்டி என்ன பண்ணுவ?"

"எங்க மாந்தோப்புக்குக் காவல் வேணும். நாய் ஒண்ணு இருக்குது. அதுக்கு அடுத்தபடி நான். நீ?"

திம்மராயனின் சிரிப்பு நின்றது. "மாடு மேய்க்க வேண்டியதுதான். எங்கப்பா சொல்லிட்டாரு. படிக்கணும்னு ஆசைதான்டா, ரொம்ப ஆசை. ஆனா மண்டைக்குள்ள ஏதாவது இருக்கணுமே!"

இரண்டாவது போண்டா வந்தது. கூடவே கங்கப்பனும் மூச்சிரைக்க வந்தார்.

"இந்தக் கூத்தைக் கேட்டீங்களா? மொதப் பேருக்கே ஆளைக் காணோம்! ரெண்டு குரல் குடுத்து என் தொண்டை வத்திப்போச்சு. ரோட்டுல போய்ப் பாத்துட்டு வாய்யான்னு பிரின்சிபால் தொரத்துறாரு. அஞ்செட்டி திம்மராயன்னு யாராச்சும் இருக்கீங்களா?"

முனிவேல் துள்ளி எழுந்தான். "டேய், உன்னத்தான்டா!"

"சும்மா இருடா. சாமி பேரு. எங்க ஊர்ல வூட்டுக்கு ஒரு திம்மராயன் இருக்கான். நல்லாப் படிக்கிறவன் எவனாச்சும் இருப்பான்."

"அப்பா பேரு கரியப்பன்" என்றார் கங்கப்பன்.

"கரியப்பன் மகன் திம்மராயனே நாலு பேர் இருக்காங்கண்ணா."

"நாலு பேருமா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணுனாங்க?"

திம்மராயன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் வெளுத்தது. கையிலிருந்த போண்டா கீழே விழுந்தது.

"இல்லண்ணா. நான் மட்டுந்தான்."

முனிவேலுக்கு வந்ததே கோபம்! "அடப்பாவி! மொத மார்க்கு வாங்கிட்டு, இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருந்தியா? தான் யாருன்னு தனக்கே தெரியாத மடையனும் உண்டா? உன்ன மாதிரி ஆளுங்களை எல்லாம் கட்டி வெச்சு ஒதைக்கணும். ஓடுடா!"

பிடரியில் கை வைத்து ஒரே தள்ளு. திம்மராயன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினான். சரிகை அப்பாக்களை விலக்கிக்கொண்டு அவன் உள்ளே நுழைவதைப் பார்த்த பிறகுதான் முனிவேலுக்கு மூச்சு வந்தது.

"ரொம்பப் புண்ணியம் தம்பி" என்றார் கங்கப்பன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "ஒருத்தனைப் புடிச்சாச்சு. அடுத்து ரெண்டாவது மார்க்குக்காரனைக் கூப்பிடணும். வேப்பனப்பள்ளி முனிவேலாம். உனக்குத் தெரியுமா?"

முனிவேல் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"யாரோ மார்க்கைத் தப்பாக் கூட்டிட்டாங்கண்ணா. நீங்க போயி இன்னொரு வாட்டி சரியாக் கூட்டிப் பாக்கச் சொல்லுங்க, நான் சாயங்காலமா வர்றேன்."