ஏ ஷிப்ட்டுக்கு யாரும் வரவில்லை

"சிஸ்டத்துல இல்லன்னா நீ வரலன்னு அர்த்தம். அவ்ளோதான்."

எச்.ஆர். அதிகாரி ஸ்ரீதர் இதைச் சொன்னது, எதிரே வியர்வையோடு நின்றிருந்த இசக்கியைப் பார்த்து. ஏ ஷிப்ட் முடியப் போகிற நேரம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கேட்டில், விரல் வைக்கும் வருகைப்பதிவு மெஷின் காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி. வேறு எதுவும் இல்லை.

இசக்கி கிரீஸ் படிந்த கையை நீட்டினான். "வேலைக்கு வராமலா சார் இவ்ளோ அழுக்கு ஏறுச்சு? எங்க லைன் மொத்தமும் காலைலருந்து நிக்கோம்லா. நீங்களே ரவுண்ட்ஸ் வந்து பாத்தீங்கள்லா?"

"பாத்தேன். நான் பாத்தா போதுமா? மெஷின் பாக்கணும்."

"ஒரு நாள் சம்பளம் போயிரும் சார். ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாவது போட்டு விடுங்க."

"பேப்பர்ல யார் வேணா எதை வேணா எழுதலாம். போன மாசம் ஒரு லாட் சரக்கு மொத்தமா ரிஜெக்ட் ஆச்சே, உங்க ஊர்ப் பையன் பிச்சையா, அவனும் இப்படித்தான் அழுதான். மனசு இரங்கினேனா? அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கி சங்கரன்கோவில் பஸ்ல ஏத்தி விட்டேன்."

பிச்சையா இசக்கியின் அறையில் தங்கியிருந்தவன். அவனுடைய பக்கெட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இசக்கி தலையைக் குனிந்துகொண்டான்.

மெஷினுக்கு முன்னால், மடியில் கீபோர்டுடன் தரையில் உட்கார்ந்திருந்தாள் ஐ.டி. பிரிவு சுபஸ்ரீ.

"ஆன்டிவைரஸ் போட்டுப் பாத்தியாம்மா?" என்றார் ஸ்ரீதர்.

"அது இல்ல சார். மெஷின் ஆன் ஆனதும் லினக்ஸை எழுப்பி விடறது பூட்லோடர். அதுக்கே வழி தெரியாம முழிச்சிகினு நிக்குது."

"எழுப்புறவனே தூங்கிட்டானா?" என்றார் செக்யூரிட்டி கன்னியப்பன். "நாங்க தூங்கினா மட்டும் மெமோ குடுக்கறீங்க."

சுபஸ்ரீ ஏதோ தட்டினாள். திரையை உற்றுப் பார்த்தாள். "இதுக்குள்ள ஒரு டிஸ்க்தான் சார் இருக்கணும். ரெண்டு காட்டுது."

மெஷினின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். கை வெளியே வந்தபோது அதில் ஒரு பென்டிரைவ் இருந்தது.

"சதி!" என்று கத்தினார் ஸ்ரீதர். "எவனோ வேணும்னே சொருகியிருக்கான். கேமராவைப் பாருங்க. எவனா இருந்தாலும் இன்னிக்கே வெளிய அனுப்பறேன்."

"நேத்து பாதுகாப்பு உறுதிமொழி வீடியோ போடணும்னு நீங்கதான் சார் சொருகினீங்கோ," என்றார் கன்னியப்பன். "நான்தான் டார்ச் அட்ச்சேன்."

ஸ்ரீதர் வெளியே போன ஒரு கன்டெய்னர் லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க முன்னாடி லினக்ஸ் போட வெச்சிருந்த பென்டிரைவ் சார் இது," என்றாள் சுபஸ்ரீ. "அழிச்சிட்டு வீடியோ போட்டாலும் பழைய பூட்லோடர் துண்டு இதுல ஒட்டிகினு இருக்கு. காலையில கரண்ட் போய் வந்ததும், மெஷின் தன்னோட டிஸ்க்கை விட்டுட்டு இதுல போய் மாட்டிகிச்சு."

"ரிப்போர்ட்ல வோல்டேஜ் பிரச்சினைன்னு போடும்மா."

பென்டிரைவ் இல்லாமல் மெஷின் சமர்த்தாக எழுந்தது. ஸ்ரீதர் கட்டைவிரலை பேன்ட்டில் துடைத்து, சோதனைக்காக வைத்தார். 'ஸ்ரீதர். ஏ ஷிப்ட். வருகை பதிவானது' என்றது திரை.

"பாத்தியா? மெஷின் என்னைக்கும் பொய் சொல்லாது."

"அப்ப எங்க ஆளுவள கூட்டியாரேன் சார். இன்னும் ஷிப்ட் முடியலல்லா? நாங்களும் விரல் வச்சிருதோம்."

"வீட்டுக்குப் போற நேரத்துல விரல் வெச்சா வேலைக்கு வந்ததா ஆயிடுமா? சுபஸ்ரீ, ஷிப்ட்டை மூடு."

"மூடிட்டா ஹெட் ஆபீஸ் நெனச்சாலும் தொறக்க முடியாது சார்."

"அதுக்குத்தான் மூடச் சொல்றேன்."

"சார், உங்க கால்ல விழுதேன்..."

"மூடும்மா!"

மூடினாள். இசக்கி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அப்போது ஸ்ரீதரின் போன் அடித்தது.

"என்னது, காலைல ஓடின லாட் மொத்தமும் ரிஜெக்ட்டா? துளை எல்லாம் தப்பான பக்கத்துலயா?" அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. "கவலைப்படாதீங்க சார். செஞ்சவன் ஒருத்தன் பாக்கி இல்லாம பேர் தரேன். அத்தனை பேரையும் இன்னிக்கே தூக்கறோம். சுபஸ்ரீ, ஏ ஷிப்ட்டுல யார் யார் இருந்தாங்கன்னு படி."

சுபஸ்ரீ திரையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"ஒரே ஒருத்தர்தான் சார் வந்திருக்காங்க. நீங்க."

இசக்கி மெதுவாக கேட்டைத் தாண்டி வெளியே வந்தான். கன்னியப்பன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"தப்பிச்சிகினியேப்பா! அட்டெண்டன்ஸ் வுழாததே நல்லதா பூட்ச்சு. இது தெரியாம இன்னாத்துக்கு அந்தாளு கால்ல வுழுற அளவுக்குக் கெஞ்சிகினு இருந்தே?"

இசக்கி தோளில் கிடந்த துண்டால் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான்.

"துளை போடுத அச்சைத் தலைகீழா மாட்டுனது சூப்பர்வைசரு. பஸ் ஏறப்போறது நாங்கன்னு காலைலயே எங்க லைனுக்கே தெரியும் அண்ணாச்சி. நான் மட்டும் கெஞ்சலன்னா, அந்த மனுசன் அட்டெண்டன்ஸ் போட்டிருப்பாருல்லா?"