முனகிய பம்ப்

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. திருப்பும்போதெல்லாம் பவர் ஸ்டீயரிங் பம்ப் முனகியது.

"எனக்கு ஆயிலே வந்து சேரலை."

"உனக்கு எப்பவும் ஒரு குறை! நான் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கேனா?" என்றது ஆயில் ஹோஸ், அடிவயிற்று விரிசலில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தபடி.

"அதானே! பொறுமைன்னா ஹோஸ் அண்ணன்தான். எதுக்கெடுத்தாலும் சத்தமா போடுறது?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியது ஹாரன்.

மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் பம்பிலிருந்துதான் வந்தது. அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கூடையில் எறிந்துவிட்டு, புதுப் பம்பை மாட்டி ஆயில் நிரப்பினார். ஸ்டீயரிங் பூப்போலத் திரும்பியது. கூடையில் கிடந்த பம்புக்கே, குறை தன்னிடம்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

மறுவாரமே கார் திரும்பி வந்தது. புதுப் பம்ப் முனகிக்கொண்டிருந்தது.

"இந்தக் காலத்துப் பம்புகளே இப்படித்தான்" என்றது ஹோஸ், சொட்டிக்கொண்டே.