பாதி ஆட்டக்காரி

தொலைபேசி இன்னும் அடிக்கவில்லை. கேக் மட்டும் தயாராக இருந்தது.

பார்க்டேல் அடுக்குமாடியில் சச்சிதானந்தன் வீட்டு ஹோலுக்குள் கதிரைகள் போதவில்லை. ஆட்கள் கார்ப்பெற்றில் உட்கார்ந்திருந்தார்கள். வீடியோக்காரர் வேறு வந்து விளக்கைப் போட்டுவிட்டார்.

ஏரியைச் சுற்றியுள்ள சின்னக் கல்லூரிகளின் கூடைப்பந்து லீக், 1996இன் சிறந்த வீராங்கனையை இன்று மதிய விருந்தில் அறிவிக்கிறது. கடைசிச் சுற்றில் இரண்டு பெயர்கள். ஒன்று சச்சிதானந்தனின் மகள் கஜனி.

அறிவிப்பு இன்றைக்குத்தான். ஆனால் சச்சிதானந்தன் வெள்ளிக்கிழமையே தமிழ்ப் பத்திரிகையில் அரைப்பக்க வாழ்த்துப் போட்டுவிட்டார். மகளின் படம். கீழே ‘ஆண்டின் சிறந்த வீராங்கனை’. அதற்கும் கீழே மாமா, மாமி, சித்தப்பா எல்லோரும்.

“அப்பா, இன்னும் தரேல்லை.”

“தருவினம்.”

கஜனிக்கும் அதில் சந்தேகம் இல்லை.

அவள் யாழ்ப்பாணத்தில் வலைப்பந்து ஆடியவள். அதில் பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. தட்டிக்கொண்டும் போக முடியாது. பிடித்த கையோடு விட்டுவிட வேண்டும். நாடு மாறியும் அந்தக் கை மாறவில்லை. மறிக்க வருகிறவள் கையைத் தூக்குவதற்குள் பந்து வளையத்துக்குள் இறங்கியிருக்கும்.

ஒரேயொரு குறை. சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டங்களில் மட்டுமே அவள் ஆடியிருந்தாள். மற்றக் கல்லூரிகள் தூரத்தில். பஸ்ஸில் போய், இரவு தங்கி, ஆடிவிட்டு வரவேண்டும். ஒன்றுக்கும் அவள் போகவில்லை.

மற்றப் பெயருக்குரிய மேகன் ஒரு ஆட்டமும் தவறவிடாதவள். வாக்களிப்பவர்களோ எல்லாக் கல்லூரிகளின் பயிற்சியாளர்களும். பாதி ஆட்டம் ஆடியவளுக்கு விருது கொடுப்பார்களா?

அவள் போகாததன் காரணம் ஊருக்கே தெரியும். அவளுடைய கல்லூரிக் கோச் லிண்டா வீடு தேடி வந்து கெஞ்சிப் பார்த்தாள். “பெண் பிள்ளை இரவு வெளியில் தங்கக் கூடாது” என்று சச்சிதானந்தன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு ‘ஜெயிலர்’ என்று பெயர். கூடைப்பந்து ரீமிலும் லீக்கிலும் அப்படித்தான். பார்க்டேலிலும் அப்படித்தான்.

“விழா அங்க, நீ இஞ்ச,” என்றாள் பக்கத்து வீட்டு அன்ரனெற் அன்ரி. “கப் வாங்கிறதுக்கும் விடேல்லையோ உன்ர அப்பர்?”

“கேக் வரட்டும் அன்ரி. வாய்க்கு வேலை கிடைக்கும்.”

எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் சச்சிதானந்தன்.

தொலைபேசி அடித்தது.

கஜனி ஸ்பீக்கரை அழுத்தினாள். தட்டுகளும் கரண்டிகளும் மோதும் சத்தம். யாரோ மைக்கைத் தட்டினார்கள். லிண்டா தன் போனை மேடைப் பக்கம் பிடித்திருக்க வேண்டும். ஒரு ஆண் குரல் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக ஏறி இறங்கி, அந்த நீளமான பெயரை முழுவதுமாகச் சொல்லி முடித்தது.

கஜனி சச்சிதானந்தன்.

வீடு அதிர்ந்தது. அன்ரனெற் அன்ரி விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தாள். அம்மா குணவதி கத்தியைத் தேடாமல் கேக்கைக் கையாலேயே பிய்த்து மகளின் வாய்க்குள் அடைத்தாள்.

போன் மேடை மைக்குக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டும். இப்போது வேறு குரல். மேகன்.

“வாழ்த்துகள். நான் எழும்பி நின்றுதான் கை தட்டினேன். ஆனால் ஒருமுறையாவது எங்கள் ஜிம்முக்கு வந்திருக்கலாம். ஜெயிலர் இன்னும் கதவைத் திறக்கவில்லையா?”

மண்டபமே சிரிப்பது கேட்டது. சச்சிதானந்தனும் சிரித்தார்.

கஜனி கேக்கை விழுங்கினாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“மேகன், அப்பா ஒருநாளும் என்னை மறிக்கவில்லை,” என்றாள் ஆங்கிலத்தில்.

அந்தப் பக்கம் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“நீங்கள் எல்லோரும் இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நான் நயாகராப் பாலத்தைக் கடந்தால் திரும்பி வீட்டுக்கு வர முடியாது.”

கேஸ் கதையை வெளியாட்களிடம் சொன்னால் கேஸ் பிழையாய்ப் போய்விடும். அந்த வீட்டு ஹோலில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அதைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு கண்டிப்பான தகப்பன் தேவைப்பட்டிருந்தார்.

அன்ரனெற் அன்ரி சச்சிதானந்தனைப் பார்த்தாள். பிறகு எழும்பித் தன் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினாள். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு அதில் அமர்ந்தார்.

போனில் லிண்டா வந்தாள். “கஜனி, கோப்பையை நான் இன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்.”

“வேண்டாம், கோச். மேகனின் ஜிம்மிலேயே இருக்கட்டும். வழக்கு முடிந்ததும் நான் வந்து எடுக்கிறேன்.”

“சும்மா தரமாட்டேன்,” என்றாள் மேகன். “என்னோடு ஆடித்தான் எடுக்க வேண்டும்.”

“சரி,” என்றாள் கஜனி. “பார்க்க ஆட்களைக் கூப்பிட்டு வை.”