பூனைக்கு எந்த அறை?

"ஷெல்டர் ரூம்ல வச்சிடலாம்ப்பா" என்றாள் அனு.

ஷங்கர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். சொன்னது இவள்தானா?

மழை விட்டதும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே போய், நடைபாதையில் ஊரும் நத்தைகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் புல்லில் விடுகிற பிள்ளை. கால் ஒடிந்த மைனா ஒன்றுக்காக இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவள். பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு மனசா என்று அலுவலகத்தில் ஷங்கர் சொல்லிச் சொல்லியே எல்லாருக்கும் அலுத்துவிட்டது.

ஜூன் விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாளே கார்பார்க்கிலிருந்து ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளங்கை அளவு இருந்தது. காப்பிப் பழுப்பு நிறம், அதனால் பெயர் கோப்பி. வெக்கை ஆகாது, காற்றோட்டமாய் வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சிக்கல் ஜன்னல்தான். வீடு பதினொன்றாம் மாடி. வலை அடிக்கிற ஆள், இரண்டு வாரம் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அதுவரை கோப்பியை எந்த அறையில் வைப்பது? சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில் அதுதான் பேச்சு.

"ஷெல்டர்ல ஜன்னலே இல்ல. கீழ விழ முடியாதுல்ல" என்றாள் அனு மறுபடியும்.

"ஜன்னல் இல்லாட்டி காத்து எங்கேருந்து வரும்? நாலு பக்கமும் கான்கிரீட்டு, இரும்புக் கதவு. குண்டு விழுந்தா ஒளிஞ்சுக்க வீட்டுக்கு வீடு கட்டின ரூம்டா அது."

"கதவைக் கொஞ்சம் திறந்து வச்சா காத்து வரும்."

"வெந்துடும் அனு."

"சின்ன ஃபேன் ஒண்ணு போட்டா ஆச்சு."

அம்மா நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரிய மனுஷி, பதில் எல்லாம் கையிலயே வச்சிருக்கா பாருங்க."

முத்தாயி ரசக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். திருவாரூர்ப் பக்கம். வீட்டு வேலைக்கு வந்து இரண்டு வருஷம். கழுத்து முழுக்க வேர்க்குருவுக்குப் போட்ட பவுடர். கோப்பிக்குப் பால் புகட்டுவதும் இப்போது அவர்தான்.

"வேணாம் பாப்பா" என்றார் மெல்ல. "விடு."

"இருங்கக்கா" என்றாள் அனு.

ஷங்கர் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தார். "சரி, உன் ரூம்லயே வச்சுக்க. ஜன்னலைச் சாத்திட்டு ஏசியைப் போட்டுடலாம். முடிஞ்சுதுலா."

"ஏசி எதுக்குப்பா? அது பொறந்த இடத்துல ஏசியா இருந்துச்சு?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஷங்கரின் கை நின்றது.

"ரெண்டு நாள்ல பழகிடும்" என்று முடித்தாள் அனு.

யார் பெற்ற பிள்ளை இது? பூனை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் சலித்துவிட்டதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே பொம்மைதான் போலிருக்கிறது. இதைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்லவா முடியும்?

"அனு, இங்க பார்." குரல் அவரை மீறிக் கடுமையானது. "வாயில்லா ஜீவன் அது. கஷ்டமா இருக்குன்னு அதால சொல்ல முடியுமா? சொல்லாது. நாமதான் பார்த்துச் செய்யணும்."

"சொல்லலைன்னாலும் நாமதான் பார்த்துச் செய்யணுமாப்பா?"

"பின்ன?"

"அந்த ரூம்ல ஒரு உயிரை வைக்கக் கூடாது. அப்படித்தானே?"

"கூடாது. ஒரு நாள்கூடக் கூடாது."

"ஓகேப்பா."

அனு எழுந்து போய்க் கை கழுவினாள். சற்று நேரத்தில் ஷெல்டரின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

"பிடிவாதத்தைப் பார்த்தியா?" ஷங்கர் நிர்மலாவிடம் சொல்லிக்கொண்டே எச்சில் கையோடு எழுந்தார். ஆனால் கோப்பி சோஃபாவில் சுருண்டு தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

அனு வெளியே வந்தாள். சுருட்டிய மெத்தை ஒன்றைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தலையணை தாடைக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. விரலில் மாட்டியிருந்த சின்ன ஃபேனின் வயர் தரையில் நெளிந்து பின்னால் வந்தது.

"என்னடி இதெல்லாம்?" என்றாள் நிர்மலா.

"முத்தாயி அக்கா படுக்கைம்மா. என் ரூம்ல போடப் போறேன்."

சமையலறையில் குழாய் திறந்தபடி இருந்தது. பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

"நேத்து கோப்பி அதுக்குள்ள ஓடிடுச்சு. பிடிக்கப் போனேன். அஞ்சு நிமிஷம் இருக்க முடியலம்மா. அக்கா ரெண்டு வருஷமா அங்க தூங்குறாங்க."

நிர்மலா கணவனைப் பார்த்தாள். அவர் தரையில் கிடந்த வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன்டி பூனையை அங்க வைக்கச் சொன்ன?" நிர்மலாவின் குரல் இறங்கியிருந்தது. "ஃபேன் போதும், பழகிடும்... இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?"

"அப்பாதான்" என்றாள் அனு. "அக்கா வந்த அன்னிக்கு அப்பா உங்கிட்ட இப்படித்தான் சொன்னாங்க. பக்கத்துலதான் நின்னேன்."

மெத்தை பிடியிலிருந்து நழுவியது. அனு முழங்காலால் அதை முட்டுக் கொடுத்து நிறுத்தி, தந்தையை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்கப்பா. கனமா இருக்கு."