பனிமேல் பெய்த மழை

பனிமேல் மழை பெய்து இரவோடு இரவாக உறைந்துவிட்டது. மங்கிய மதிய வெளிச்சத்தில் பைன் காட்டுத் தரை கண்ணாடிபோல் மின்னுகிறது. ரிஸ்தினின் பனிமான் முன்னங்குளம்பால் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. அடியில் கிடக்கும் தன் தீனியான பாசியின் மணம் அதற்குத் தெரிகிறது. இடுப்பளவுப் பனியையும் தோண்டிவிடும் குளம்பு, இன்று வழுக்குகிறது; பனிக்கட்டியில் சிவப்புக் கோடுகள் விழுகின்றன. கடைசியில் மான் முழங்கால் மடிந்து பக்கவாட்டில் சாய்கிறது. ரிஸ்தின் கோடரியுடன் ஓடி ஒரு முதிய பைனின் கிளையை வெட்டுகிறாள். தாடிபோல் தொங்கும் கரும்பாசியைக் கை நிறைய உருவி வந்து மானின் வாயருகே நீட்டுகிறாள். அது முகர்ந்து பார்க்கிறது. வாயைத் திறக்கவில்லை.

"விடு ரிஸ்தின்," என்கிறான் அண்ணன் நீலாஸ். கத்தியை உருவிவிட்டான். "படுத்தது இனி எழும்பாது. துடிக்க விடுறது பாவம்."

"நடிக்குதுண்ணா. சின்னதுலேர்ந்தே இதுக்கு வீம்பு."

"வீம்பில்லடி. பசி."

அவள் மானின் வயிற்றில் கை வைக்கிறாள். "அண்ணா, குட்டி உதைக்குது."

நீலாஸ் மண்டியிட்டு, பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைக்கிறான். மறு கையில் கத்தி அப்படியே இருக்கிறது.