கரையான் தோற்ற சுவர்

இருபதாவது ஆட்டம், கடைசி ஆட்டம். இன்னும் மூன்று நகர்த்தல்கள்தான் பாக்கி.

அவள் கைப்பேசியில் ஆடுவது எதிரே இருந்த பெரிய திரையில் அப்படியே தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர்.

அந்த வீடியோ கேம் நிறுவனத்தில் அவளுடைய வேலை, ஒரு பைசா செலவழிக்காமல் ஆடிப் பார்ப்பது. முப்பது லெவலுக்கு ஒரு சுவர் வரும். காசு கொடுத்துச் சுத்தியல் வாங்கினால் ஒரே அடியில் தாண்டிவிடலாம். வாங்காதவர்கள் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் கம்பெனியின் ஆசை. இருபது ஆட்டத்துக்குள் அவளால் தாண்ட முடியாவிட்டால் சுவர் தேறிவிட்டது என்று கணக்கு.

ஆறு வருடத்தில் அவள் தாண்டாத சுவர் கிடையாது. அதனால் ஆபீஸில் அவளுக்குக் கரையான் என்று பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

சுவர்களை வடிவமைக்கிறவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். வழுக்கை விழுந்த, அதிகம் பேசாத மனிதர். அவருக்குக் கொத்தனார் என்று பெயர். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். இன்று அவர் நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையே நனைந்து போயிருந்தது.

பயப்படட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த நீலக் கல் கண்ணில் பட்டது.

இடது மூலையில், சிவப்புக் கற்களுக்கு அடியில், இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. அதை ஒரு கட்டம் மேலே தள்ளினால் போதும். நான்கு நீலமும் ஒரே வரிசையில் சேர்ந்து, சுவர் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பொறுமையாகப் பார்க்கிற யாருக்கும் அது கிடைக்கும். காசு வேண்டாம்.

விரல் தானாகவே அதன் மேல் போனது.

போன சுவரையும் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் உடைத்தாள். கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். மறுநாளே மேனேஜர் அவள் புகுந்த வழியை அடைக்கச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பற்றி வந்த புகார்களில் ஒன்றை அவளால் மறக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதியிருந்தார். இருபத்தாறு நாளாக நூற்றெண்பதாவது லெவலிலேயே நிற்கிறேன், எனக்கு மூளை மழுங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று.

அந்த மனிதரின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஜெயித்ததால் அவருக்கு வழி போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்று ஜெயித்தால் இந்த நீலக் கல்லும் நாளைக்கு இருக்காது. தோற்றால் சுவர் கல்லோடு இப்படியே ஊருக்குப் போகும்.

ஆறு வருடம் கட்டிக்காத்த பெயர்.

விரலை நகர்த்தி ஒரு சிவப்புக் கல்லைத் தள்ளினாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

சுத்தியல் வாங்கச் சொல்லித் திரையில் பொத்தான் மின்னியது.

மேனேஜர் எழுந்து வந்து கொத்தனாரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "கரையானுக்கே பல்லு உடைஞ்சு போச்சு. இனிமே இதுல யாரும் கை வைக்காதீங்க, இப்படியே வெளிய விடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் அசடு வழியச் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் தலைகால் புரியாத பெருமை. கேக் வெட்டிய அன்றைக்குக்கூட இவ்வளவு இருந்ததில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பது மட்டும்தான் குறை.

அறை காலியானது. கொத்தனார் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஜெயித்த மனிதருக்கு இன்னும் என்ன வேண்டுமாம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அவர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒவ்வொரு சுவர்லயும் ஒரு கல்லு மறைச்சு வெப்பேன்மா. ஆறு வருஷமா நீங்க கண்டுபிடிப்பீங்க, அவங்க அடைச்சிடுவாங்க. இன்னிக்கும் உங்க விரல் அது மேல போனதும் எனக்கு உசுரே போயிடுச்சு."

அவர் அவளிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் சார்ஜர் வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"எந்தக் கல்லு சார்?" என்றாள்.